ஃபோனோ ப்ரீஆம்ப்புக்கு வால்வு மாற்றிய பதிவு: 12ஏஎக்ஸ்7-இலிருந்து 5751 வரை

இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் சின்ன சிக்னலைப் பெரிதாக்கி ஆம்ப்புக்குக் கொடுக்கும் பெட்டிதான் ஃபோனோ ப்ரீஆம்ப், என்னுடையதில் அந்த வேலையை மூன்று கண்ணாடி வால்வுகள் செய்கின்றன. முதல் சாக்கெட்டில் இப்போது ஒரு பழைய அமெரிக்க 5751 இருக்கிறது, இரண்டாவதில் ஜேஜே ஈசிசி83எஸ், மூன்றாவதில் போர்டோடு வந்த அதே 12ஏயு7. இடது ஸ்பீக்கரில் எப்போதும் கேட்டுக்கொண்டிருந்த 'ஸ்ஸ்ஸ்' இரைச்சல் போய்விட்டது. சாயங்காலம் மட்டும் வரும் உறுமல் போய்விட்டது. பாடகர் 'ச', 'ஸ' சொல்லும் இடங்களில் இருந்த கூர்மையும் அடங்கிவிட்டது. மூன்றுமே வால்வு பழுது போலத்தான் கேட்கும், ஆனால் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு, அதில் ஒன்றுக்கு வால்வோடு சம்பந்தமே கிடையாது. வால்வு வாங்கக் காசு எடுக்கும் முன் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் மிச்சமாகும் என்றுதான் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் என்னிடம் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீடு கிருஷ்ணகிரி பக்கத்துக் காவேரிப்பட்டணத்தில். ஒரு பெல்ட் டிரைவ் டர்ன்டேபிள், அதில் ஆடியோ டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ் (ஊசியும் காயிலும் இருக்கும் முனை). ப்ரீஆம்ப், போர்டு வாங்கி நானே பெட்டியில் கட்டியது. முதல் 12ஏஎக்ஸ்7 ஊசியிலிருந்து வருவதைப் பெருக்கும், அதற்கடுத்து ஆர்ஐஏஏ ஈக்வலைசேஷன், அதாவது தட்டில் பதியும்போது குறைத்த பாஸையும் கூட்டிய ட்ரெபிளையும் திரும்பச் சரிசெய்வது, வெறும் ரெசிஸ்டர் கபாசிட்டரில் நடக்கும், அங்கே இழந்ததை இரண்டாவது 12ஏஎக்ஸ்7 மீட்டுக் கொடுக்கும், கடைசியில் 12ஏயு7 கேதோடு ஃபாலோயராக, அதாவது பெருக்காமல் சிக்னலைத் தாங்கிக் கொடுப்பதாக, நின்று ஆம்ப்புக்கு அனுப்பும். ஒவ்வொரு வால்வுக்குள்ளும் இரண்டு ட்ரையோடு (தனித்தனியாக வேலை செய்யும் இரண்டு பாதி), ஒன்று இடது பக்கத்துக்கு, ஒன்று வலது பக்கத்துக்கு. வால்வின் தகட்டுக்குப் போகும் உயர் மின்னழுத்த (ஹெச்டி) சப்ளை 270 வோல்ட். வால்வின் கேதோடைச் சூடாக்கும் ஹீட்டர் இழைக்கு 12.6 வோல்ட் டிசி, எல்எம்317 ரெகுலேட்டர் வழியாக. மூன்று வால்வும் ஆளுக்கு 150 மில்லியாம்ப் இழுக்கும், மொத்தம் 450.

சாயங்கால உறுமலை முதலில் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் அது நேரம் பார்த்து வந்தது. பகலில் சுத்தமாக இருக்கும். கிணற்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்து, தெரு விளக்கும் வீட்டு விளக்கும் சேர்ந்தால் 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம் பின்னால் ஏறும். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஒரு ஆப் போட்டுப் பார்த்தால் முள் 100 ஹெர்ட்ஸில் நின்றது. இது முக்கியமான துப்பு. வயரிங்கிலோ கிரவுண்டிலோ தவறு இருந்தால் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் வரும். 100 வந்தால் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையருக்குப் பிறகு எங்கோ ஃபில்டர் போதவில்லை என்று அர்த்தம். பிளக்கில் மீட்டர் வைத்தேன், 190 வோல்ட். பகலில் அதே இடத்தில் 235.

கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். ஹீட்டர் டிரான்ஸ்ஃபார்மர் 15 வோல்ட். மெயின்ஸ் 190-க்கு இறங்கும்போது அது சுமார் 12.4 வோல்ட் ஆகும், அதன் உச்சம் 17.5. ரெக்டிஃபையர் பிரிட்ஜில் இரண்டு டையோடு 1.8 வோல்ட் தின்னும், மிச்சம் 15.7. போர்டில் இருந்த 2200 மைக்ரோஃபாரட் கபாசிட்டரில் 450 மில்லியாம்ப் இழுத்தால் ரிப்பிள் (டிசியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) கிட்டத்தட்ட 2 வோல்ட், ஆக அடிமட்டம் 13.7. எல்எம்317-க்கு வெளியே 12.6 கொடுக்க உள்ளே குறைந்தது 14.5 வேண்டும். அது கிடைக்காத ஒவ்வொரு நொடிப் பின்னத்திலும் ரிப்பிள் நேராக ஹீட்டருக்குப் போகிறது, அங்கிருந்து கேதோடுக்கு, கேதோடிலிருந்து ஸ்பீக்கருக்கு. எந்தக் கம்பெனி வால்வு போட்டாலும் இது போகாது.

சரி, பிரிட்ஜைக் கழற்றிவிட்டு குறைவாக வோல்ட் தின்னும் 1என்5822 ஷாட்கி டையோடு நான்கு போட்டேன், கபாசிட்டரை 4700 மைக்ரோஃபாரட் 35 வோல்ட்டாக மாற்றினேன். இப்போது 190 வோல்ட்டிலும் ரெகுலேட்டருக்கு 15.5-க்கு மேல் கிடைக்கிறது. மொத்தச் செலவு நூறு ரூபாய்க்குள். ஒரு எச்சரிக்கை: ராத்திரி மெயின்ஸ் 250-ஐத் தொடும் நேரங்களில் எல்எம்317 நான்கு வாட்டுக்கு மேல் சூடாக எரிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அதன் ஹீட்சிங்கைப் பெரிதாக்கிப் பெட்டியின் பின்சுவரோடு மைக்கா வைத்து இறுக்கிவிட்டேன். நம்ம பக்கத்து ஏப்ரல் மாத வெயிலுக்கு அது அவசியம்.

இந்த இடத்திலேயே பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஹெச்டி கபாசிட்டரில் 270 வோல்ட் நிற்கும். 5 வாட் 100 கிலோ ஓம் ரெசிஸ்டருக்கு இரண்டு முதலைக் கிளிப் பற்றவைத்து வைத்திருக்கிறேன், அதைக் கபாசிட்டரின் குறுக்கே மாட்டி, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே விரல் போகும். அளக்கும்போது ஒரு கை பாக்கெட்டில்.

அடுத்தது இடது பக்க இரைச்சல். வால்வைச் சந்தேகப்படும் முன் சாக்கெட்டைப் பார்த்தேன். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பல்குச்சி பிரஷை நனைத்து ஒவ்வொரு பின் துளையையும் துடைத்து, தளர்ந்த கிளிப்களைத் தையல் ஊசியால் உள்பக்கம் கொஞ்சம் நெருக்கினேன். முன்பு ஆட்டினால் கரகர என்றது நின்றது. 'ஸ்ஸ்' அப்படியே இருந்தது.

அப்புறம் செய்த சோதனைக்குக் காசே கிடையாது, எல்லோரும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். முதல் வால்வையும் இரண்டாவது வால்வையும் இடம் மாற்றிப் போட்டேன், இரண்டும் 12ஏஎக்ஸ்7 தானே. இரைச்சல் மாயமாகக் குறைந்தது. ஊசி கொடுப்பது வெறும் 4 மில்லிவோல்ட். முதல் வால்வு சேர்க்கும் இரைச்சல் பின்னால் இருக்கும் மொத்தப் பெருக்கத்தையும் சவாரி செய்துகொண்டு வெளியே வரும், இரண்டாவது வால்வு சேர்ப்பது ஏற்கனவே பெரிதாகிவிட்ட சிக்னலுக்குக் கீழே அமுங்கிவிடும். ஆகவே முதல் சாக்கெட்டுக்குத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். மற்ற இரண்டுக்கும் ஆரோக்கியமான வால்வாக இருந்தால் போதும். மூன்றையும் ஒரே விலையுயர்ந்த பிராண்டில் செட்டாக வாங்கச் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள், அந்தப் பணத்தில் முக்கால்வாசி வீண் என்பது என் உறுதியான கருத்து.

வேட்பாளர்களைச் சேர்த்தேன். புதிதாகத் தயாரிப்பவற்றில் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே ஈசிசி83எஸ் இரண்டு, ரஷ்யாவின் எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 12ஏஎக்ஸ்7 ஒன்று. ஈசிசி83 என்றாலும் 12ஏஎக்ஸ்7 என்றாலும் ஒரே வால்வுதான். பெங்களூரிலிருந்து ஒருவர் பழைய இருப்பு விற்கிறார், அவரிடம் ஜெனரல் எலக்ட்ரிக் 5751 ஒன்று. அதோடு பிஇஎல் ஈசிசி83 கை நிறைய. பிஇஎல் என்கிற பாரத் எலக்ட்ரானிக்ஸ் பெங்களூரில் 1960களில் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்தது, நம் வீடுகளில் இருந்த ரேடியோக்களிலும் ஊர்த் திருவிழா ஆம்ப்களிலும் அந்த வால்வுகள் எரிந்திருக்கின்றன. என்னிடம் இருக்கும் பிஇஎல்கள் கிடைத்தது தருமபுரியில் மைக்செட் வைத்திருந்த ஒரு பெரியவரிடம். ஆடி மாதம் முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டிய காலத்து ஆள். ஒரு பிஸ்கட் டின் நிறைய வால்வுகளைப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார், ஒன்றுக்கு இருநூறு ரூபாய் என்று கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னார்: "பேரப் பாக்காத தம்பி, தட்டிப் பாரு. டங்குனு மணி மாதிரி கேட்டா அத மைக் பக்கம் போடாத, பின்னாடி தள்ளிடு." நான் கடைசியில் அளந்து கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

வாங்கும்போது கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கண்ணாடி உச்சியில் உள்ளே வெள்ளிப் பூச்சு மாதிரி பளபளக்கும், அதுதான் கெட்டர். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, குப்பைக்குப் போகலாம். பெரியவர் டின்னில் ஒன்று அப்படி இருந்தது, அதை அவரே எடுத்துப் போட்டுவிட்டார்.

வால்வு டெஸ்டர் இந்தப் பக்கம் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை, எனவே சர்க்யூட்டிலேயே பார்த்தேன். கேதோடு ரெசிஸ்டர் 1.5 கிலோ ஓம். அதன் குறுக்கே 1.3 வோல்ட் வாக்கில் வந்தால் வால்வு கிட்டத்தட்ட 0.9 மில்லியாம்ப் இழுக்கிறது, நல்ல ஆரோக்கியம். 0.8 வோல்ட் காட்டினால் தேய்ந்துவிட்டது. முக்கியமாக இரண்டு ட்ரையோடும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் இடது வலது சத்தம் சமமாக இருக்காது. பிஇஎல்களில் சில ஒரு பக்கம் 1.3, மறு பக்கம் 0.9 என்று காட்டின. மைக் ஆம்ப்பில் ஒரு பாதியை மட்டும் பல வருஷம் ஓட்டியிருந்தால் அப்படித்தான் வரும்.

பிறகு இரைச்சலை எண்ணாக எடுக்க வேண்டும், காதை மட்டும் நம்பினால் சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருவதே நல்லதாகக் கேட்கும். இதற்கு நான் கட்டியது ரொம்ப எளிமையானது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப், 1 கிலோஹெர்ட்ஸ், மீட்டரில் 400 மில்லிவோல்ட் வரும்படி வால்யூம். அதை 10 கிலோ ஓம், 100 ஓம் என்ற இரண்டு ரெசிஸ்டரில் பங்கிட்டால் ப்ரீஆம்ப் இன்புட்டில் 4 மில்லிவோல்ட், கார்ட்ரிட்ஜ் கொடுப்பதே அதே அளவு. வெளியே வருவதை யூஎஸ்பி ஆடியோ கார்டு வழியாக லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் பதிவு செய்து அந்த அளவைக் குறித்துக்கொள்வேன். அடுத்து இன்புட்டை ஷார்ட் செய்த ஆர்சிஏ பிளக்கை மாட்டி வெறும் இரைச்சலைப் பதிவு செய்வேன். இரண்டுக்கும் உள்ள தூரம்தான் மதிப்பெண், அது கூடினால் இரைச்சல் குறைவு. ஒவ்வொரு வால்வும் அரை மணி நேரம் சூடான பிறகுதான் அளந்தேன், முதல் சில நிமிடங்களில் எல்லாமே கொஞ்சம் பொரியும்.

போர்டோடு வந்த வால்வில் வலது 66 டெசிபல், இடது 58. இதுதான் அந்த 'ஸ்ஸ்'. ஜேஜே ஒன்று 67, அதே டப்பாவில் அதே நாள் வந்த இன்னொரு ஜேஜே 63. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் 66. பிஇஎல்களில் பெரும்பாலானவை 60-ஐச் சுற்றி, ஆனால் ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் 68, கையிருப்பிலேயே அமைதியானது அதுதான். ஒரே கம்பெனியின் இரண்டு வால்வுக்கு நடுவே நான்கு டெசிபல் இருக்கும்போது எந்தக் கம்பெனி நல்லது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. எந்த வால்வு நல்லது என்று மட்டும்தான் சொல்ல முடியும். விற்பவரிடம் 'லோ நாய்ஸ் செலக்டட்' என்று தனியாகக் காசு வாங்கினால், அவர் அளந்த எண்ணைக் கேளுங்கள்.

அந்த 68 பிஇஎல்லை அப்படியே முதல் சாக்கெட்டில் விட்டிருக்கலாம். பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டினேன், 'டொய்ங்' என்று ஸ்பீக்கரில் இழுத்தது. அலமாரிக் கதவைச் சாத்தினால் கூட மெல்லக் கேட்டது. உள்ளே சிக்னல் நுழையும் கிரிட் கம்பியோ, அது வெளியேறும் தகடோ தளர்ந்து, அதிர்வை சிக்னலாக மாற்றுகிறது. தெருவில் மாங்காய் லாரி போகும் சீசனில் இது சரிப்படாது. அதை இரண்டாவது சாக்கெட்டுக்குத் தள்ளியதும் தட்டல் சத்தம் கேட்கவே இல்லை. இதே காரணத்துக்காகத்தான் நீளத் தகடு வைத்த வகைகளை முதல் சாக்கெட்டுக்கு நான் வாங்கவே இல்லை. தகடு நீளமானால் அதிர்வது சுலபம்.

இப்போது 5751. இது 12ஏஎக்ஸ்7-க்கு உறவுக்காரன், அதிர்வு தாங்கும்படி ராணுவம், தொழிற்சாலை உபயோகத்துக்குக் கட்டியது. பெருக்கும் திறன் 100-க்குப் பதில் 70. பின்கள் அதே. ஹீட்டர் மட்டும் 12.6 வோல்ட்டில் 175 மில்லியாம்ப், கொஞ்சம் கூடுதல், என் சப்ளை தாங்கும். அளந்தபோது இரைச்சல் மதிப்பெண் 67, தட்டினால் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், இழுப்பே கிடையாது. வெளியே வரும் அளவு மட்டும் சுமார் 3 டெசிபல் குறைவு, அதை ஆம்ப் வால்யூமில் சரிசெய்துகொண்டேன்.

சத்தத்தைச் சமமாக்கிய பிறகு ஒரு பழைய பெண் குரல் தட்டையும், நாதஸ்வரத் தட்டு ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். கூர்மை குறைந்திருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தட்டின் உள்வளையங்களுக்கு வரும்போது நிம்மதியாக இருந்தது. 5751-இன் 'குணம்' என்று இதை விட்டுவிட மனசு வரவில்லை, ஏன் என்று தெரிய வேண்டும்.

காரணம் கபாசிட்டன்ஸ். வால்வுக்குள் கிரிட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் சின்னக் கபாசிட்டன்ஸ், அந்த வால்வு எத்தனை மடங்கு பெருக்குகிறதோ அத்தனை மடங்காக இன்புட்டில் தெரியும். இதை மில்லர் விளைவு என்பார்கள். 12ஏஎக்ஸ்7-க்கு 1.7 பிக்கோஃபாரட், என் சர்க்யூட்டில் 60 மடங்கு பெருக்கம், ஆக 100-க்கு மேல். 5751-க்கு 1.4, பெருக்கம் 44, ஆக சுமார் 65. விஎம்95ஈ கேட்பது கேபிளையும் சேர்த்து 100 முதல் 200 பிக்கோஃபாரட். என் கேபிளும் டோன்ஆர்ம் வயரும் மட்டுமே 180-ஐத் தொட்டன, அதன் மேல் 12ஏஎக்ஸ்7 சேர்த்தால் 280 தாண்டிவிடும். கபாசிட்டன்ஸ் ஏறினால் கார்ட்ரிட்ஜ் காயிலின் ரெசொனன்ஸ் கீழே இறங்கி, காது கேட்கும் எல்லைக்குள் மேல் ஸ்தாயியில் ஒரு மேட்டை உண்டாக்கும். அந்த மேடுதான் 'ஸ'.

இது சரியா என்று பார்க்க, 5751-ஐ அப்படியே வைத்துக்கொண்டு இன்புட்டின் குறுக்கே 47 பிக்கோஃபாரட் கபாசிட்டரைப் பற்றவைத்தேன். கூர்மை திரும்ப வந்தது. எடுத்தேன், போனது. பக்கத்து அறையிலிருந்த அண்ணன் பையனை, எதை மாற்றினேன் என்று சொல்லாமல் கேட்கச் சொன்னேன், அவனும் அதே பக்கம்தான் கை காட்டினான். ஆனந்தமாக இருந்தது, ஏனென்றால் இனி என்ன வாங்க வேண்டும், என்ன வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. அதே வாரம் கேபிளைப் பாதி நீளமாக வெட்டிப் புதிய ஆர்சிஏ போட்டேன். அதற்குப் பிறகு அமைதியான ஜேஜே ஈசிசி83எஸ்ஸை முதல் சாக்கெட்டில் போட்டுக் கேட்டாலும் கூர்மை பெரும்பாலும் இல்லை. 5751-ஐ அங்கேயே விட்டதற்குக் காரணம் தட்டினால் அது பேசாமல் இருப்பதுதான்.

முதல் சாக்கெட்டில் வேறு எதைப் போடலாம் என்று கேட்பவர்களுக்கு இரண்டு விஷயம். 12ஏடி7 என்னும் ஈசிசி81-க்குப் பின்கள் ஒன்றுதான், போட்டால் பாடும். ஆனால் அது 10 மில்லியாம்ப் வாக்கில் ஓடுவதற்காகப் பிறந்தது, இங்கே ஒரு மில்லியாம்ப்புக்கும் குறைவாகத்தான் கிடைக்கும். அதன் உள்ரெசிஸ்டன்ஸும் வேறு, ஆர்ஐஏஏ கணக்கில் முதல் வால்வின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்திருப்பதால் ஈக்வலைசேஷன் நகர்ந்துவிடும். இரண்டாவது, ஈசிசி88 என்னும் 6டிஜே8-ஐ இந்த மாதிரி போர்டில் எந்தக் காரணத்துக்கும் செருகாதீர்கள். சாக்கெட்டில் அழகாக உட்காரும், ஆனால் அதன் ஹீட்டர் பின்களான 4-க்கும் 5-க்கும் நடுவே 6.3 வோல்ட் மட்டும்தான் கொடுக்கலாம், இங்கே இருப்பது 12.6. ஹீட்டர் எரிந்துவிடும்.

கடைசி வேலை அடித்தளம். பர்கூர் ரோட்டுப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் வெட்டி மிஞ்சிய துண்டுகள் குவிந்து கிடக்கும். ஒன்றரை அடிக்கு ஓரடி, 20 மில்லிமீட்டர் தடிமன் கறுப்புக் கல் ஒன்றை நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்தார்கள், ஓரமும் தேய்த்துத் தந்தார்கள். கல்லை நேராக மேஜையில் வைத்தால் பிரயோஜனம் குறைவு, அதிர்வு கல் வழியாக அப்படியே ஏறுகிறது. லாரி டியூப்பை நான்காக மடித்து நாலு மூலையிலும் கொடுத்து அதன் மேல் கல், கல்லின் மேல் ப்ரீஆம்ப் என்று வைத்ததும் நடந்தால் வரும் தடதட நின்றது. வால்வுக்கு மாட்டும் சிலிக்கான் ஓ-ரிங்கும் போட்டுப் பார்த்தேன், அளவில் எதுவும் மாறவில்லை, கழற்றிவிட்டேன்.

செலவு: 5751-க்கு மூவாயிரத்து ஐந்நூறு, ஜேஜே இரண்டும் சேர்த்து நாலாயிரத்து எண்ணூறு, எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் இரண்டாயிரத்து அறுநூறு, பிஇஎல்கள் ஆயிரத்துச் சொச்சம், டையோடு, கபாசிட்டர், கேபிள், கல் எல்லாம் சேர்ந்து ஐந்நூறுக்குள். திரும்பச் செய்வதாக இருந்தால் வரிசை இப்படி இருக்கும்: ஹீட்டர் சப்ளையை 190 வோல்ட்டில் அளந்து பார்ப்பது, கேபிளை வெட்டுவது, கல், அதற்குப் பிறகு ஒரே ஒரு 5751. புது 12ஏஎக்ஸ்7 எதுவுமே வாங்கத் தேவை இருந்திருக்காது, இரண்டாவது சாக்கெட்டுக்கு பிஇஎல்லே போதும்.

மிச்சமிருந்த பிஇஎல்களில் இரண்டு பக்கமும் 1.2 வோல்ட்டுக்கு மேல் காட்டியவற்றின் அடியில் அளந்த எண்ணை பெயின்ட் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து 12ஏயு7-இன் இடத்தை அளக்க வேண்டும். அங்கே கேதோடு 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது, ஈசிசி82-க்கு (12ஏயு7-இன் இன்னொரு பெயர்) ஹீட்டருக்கும் கேதோடுக்கும் நடுவே 180 வோல்ட் வரைதான் அனுமதி, ஆகவே ஹீட்டர் சப்ளையை 50 வோல்ட் தூக்கிவிட்டு அதன் பிறகு இரைச்சலைப் பார்க்கப் போகிறேன்.